எண்ணுவது வேறு, எடுப்பது வேறு: கடன் தீர்க்கும் ஏற்பாட்டில் வீட்டு வருமானம்

சென்ற வருடம் நோன்பு காலத்தில், ஒரு நாள் ஸஹருக்கு எழும்பியிருந்த உம்மா சோற்றில் கைவைக்காமல் கேட்டார்: "அவள்ட சம்பளத்தையும் புடிச்சி எடுக்கிறாங்களாம். மறுகா அவன் எங்க நமக்கு அனுப்பப் போறான்?"

அவள் என்றது என் தம்பியின் மனைவியை. தம்பி இங்கிலாந்தில் பதினான்கு வருடமாக இருக்கிறான். உணவகமொன்றில் வேலை செய்தவன், நண்பனோடு கூட்டுச் சேர்ந்து சிறிய சாப்பாட்டுக் கடை போட்டான். கடை ஒன்றரை வருடத்தில் மூடப்பட்டது. கடனட்டைகளில் ஏறிய கடன் மட்டும் மூடப்படவில்லை. வட்டி கட்டவே சம்பளம் போதாத நிலையில், சட்டப்படியான கடன் தீர்ப்பு ஏற்பாடு ஒன்றுக்குள் போனான். அதுவரை மாதம் 100 பவுண் அனுப்பியவன் 40 பவுண் அனுப்பத் தொடங்கினான்.

ஊரில் கதைகள் முளைக்க அது போதும். மருமகளின் சம்பளத்தையும் வங்கி பிடிக்கிறது என்றது ஒரு கதை. வங்கி ஒன்றும் பிடிக்கவில்லை, அவள்தான் அதைச் சாட்டி மாமிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாள் என்றது இன்னொன்று. கலியாணத்துக்குப் போட்ட நகையையும் எழுதி எடுத்துவிட்டார்களாம் என்று மூன்றாவது, சாச்சி வீட்டிலிருந்து வந்தது. நான் தமிழ் படிப்பிக்கிறவள், சட்டம் தெரிந்தவளல்ல. ஆனாலும் தம்பியிடம் அந்தக் கடதாசிகளை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, பெருநாள் விடுமுறை முழுக்க அகராதியோடு இருந்து வாசித்தேன். அவர்களது சட்டத்தின் சில பிரிவுகளையும் தேடிப் படித்தேன். நம் பிள்ளைகள் பலர் அந்த நாட்டில் இருக்கிறார்கள். இதே குழப்பம் வேறு வீடுகளிலும் இருக்கிறது என்று பிறகு அறிந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி போன ஏற்பாட்டை அங்கே சுருக்கமாக ஐ.வி.ஏ. என்கிறார்கள். தனியாள் ஒருவர் கடன் கொடுத்தவர்களோடு தாமாகச் செய்துகொள்ளும் உடன்படிக்கை என்று பொருள் சொல்லலாம். கென்னத் கோர்க் என்பவர் தலைமையிலான குழு 1982இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1986ஆம் ஆண்டின் வங்குரோத்துச் சட்டம் இதை உண்டாக்கியது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்கொட்லாந்தில் முறை வேறு. உரிமம் பெற்ற ஒருவர் கடனாளியின் வரவு செலவைத் தயாரித்து, 'இவரால் மாதம் இவ்வளவு கட்ட முடியும்' என்று கடன் கொடுத்தவர்களிடம் முன்வைப்பார். வாக்களிப்பவர்களில், கடன் பெறுமதியின்படி 75 சதவீதத்தினர் சம்மதித்தால் அது மற்ற எல்லாரையும் கட்டும். வட்டி நிற்கும். வழமையாக ஐந்து வருடம் கட்ட வேண்டும். ஒழுங்காகக் கட்டி முடித்தால் மிச்சக் கடன் தள்ளுபடி. கட்டும் பணத்தில் ஒரு பகுதி ஏற்பாட்டை நடத்துகிறவரின் கட்டணத்துக்கே போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது சிறிய தொகையல்ல.

'மாதம் இவ்வளவு' என்ற அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது? அங்கேதான் மருமகளின் சம்பளம் வருகிறது.

படிவத்தில் கடனாளியின் வருமானத்துக்கு ஓர் இடம், கூட வாழ்பவரின் வருமானத்துக்கு இன்னோர் இடம் இருக்கின்றன. அதைக் கண்டவுடனே நம் ஆட்களுக்கு நெஞ்சு திக்கென்கிறது. நமக்கு 'குடும்ப வருமானம்' என்ற சொல் பழக்கமானது வேறு வழியால். அஸ்வெசும படிவத்துக்கு வருகிறவர்கள், அதற்கு முன்னே சமுர்த்திக்கு வந்தவர்கள், யார் யார் உழைக்கிறார்கள் என்று கேட்டால், ஒருவர் உழைப்பைச் சொன்னால் மற்றவருக்குக் கிடைப்பது நின்றுவிடும் என்றுதான் நாம் கற்றிருக்கிறோம். ஆகவே மறைப்பது நல்லது என்று கை தானாகப் போகிறது. தம்பியும் முதலில் அப்படித்தான் நினைத்தானாம். "ராத்தா, அவள்ட பக்கத்த வெறுமையா விடுவமா எண்டு யோசிச்சன்" என்றான்.

விட்டிருந்தால் அவனுக்குத்தான் நட்டம். அதைக் கணக்காகவே காட்டுகிறேன். தொகைகளை விளங்குவதற்காக முழு எண்களாக்கியிருக்கிறேன். பிள்ளைகளுக்கான அரச கொடுப்பனவையும் விட்டிருக்கிறேன்.

கணவனின் கைக்கு வரும் சம்பளம் 1,800 பவுண். மனைவிக்கு 1,200. இரண்டும் சேர்ந்தால் 3,000. வீட்டுக்குப் பொதுவான செலவுகள்: வாடகை 950, நகரசபை வரி 150, மின்சாரமும் எரிவாயுவும் 190, தண்ணீர் 40, சாப்பாடும் வீட்டுச் சாமானும் 550, பிள்ளைகளின் செலவு 90, இணையம் 30. கூட்டினால் 2,000. இவை தவிர, வேலைக்குப் போய்வரும் செலவு, தொலைபேசி, உடுப்பு என்று கணவனுக்கு மட்டுமானது 300. மனைவிக்கு மட்டுமானது 250.

மொத்த வருமானத்தில் கணவனுடையது 60 சதவீதம். ஆகவே பொதுச் செலவிலும் 60 சதவீதத்தை, அதாவது 1,200ஐ, அவன் தாங்குவதாகக் கொள்கிறார்கள். 1,800இல் 1,200உம், அவனுடைய தனிச் செலவு 300உம் போக மிஞ்சுவது 300. அதுதான் மாதத் தவணை. மனைவி பொதுச் செலவில் 800ஐத் தாங்குகிறாள். தனிச் செலவு 250உம் போக அவளிடம் 150 மிஞ்சும். அந்த 150ஐ ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, கடன் அவளுடையதல்ல.

மனைவியின் வருமானத்தைச் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும்? வீட்டில் உழைக்கிற இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு எல்லாச் செலவையும் அவன் தலையில் எழுத விடமாட்டார்கள். அவள் பாதியைத் தாங்குவதாகப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். அப்போது கணவனின் பங்கு 1,200 அல்ல, 1,000. மிச்சம் 500 ஆகிவிடுகிறது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைத்த மறைப்பு, மாதம் 200 பவுணை அவன் தவணையில் ஏற்றிவிடும். மனைவி கூடுதலாக உழைக்கும் வீட்டில் கணக்கு மறுபக்கம் சாயும் என்பதும் உண்மை. நம் பெண்கள் பலர் அங்கே பகுதிநேர வேலைதான் செய்கிறார்கள். அந்த வீடுகளுக்கு நான் சொன்ன கணக்கே பொருந்தும்.

உம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு நாலு நாள் சென்றது. கடைசியில் விளங்கியது சதவீதத்தால் அல்ல. "உம்மா, அவள்ட காச எண்ணிப் பாக்கிறாங்க. எடுக்கல்ல" என்றேன். "எண்ணினா எடுக்கத்தானே?" என்று திருப்பிக் கேட்டார். நம் அனுபவத்தில் எண்ணியவர்கள் எல்லாரும் எடுத்தவர்களாகத்தான் இருந்தார்கள். என்ன சொல்வது.

ஆனால் எண்ணுவதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. அதை மறைத்து, 'மனைவிக்கு ஒன்றுமே இல்லை' என்று சொல்வதும் சரியல்ல. மேலே சொன்ன மனைவி முழுநேர வேலைக்குப் போய் 1,800 எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சமம், ஆகவே செலவும் பாதி பாதி. கணவனின் பங்கு 1,000ஆகக் குறைய அவன் மிச்சம் 500. வருடத்துக்கு ஒருமுறை வரவு செலவை மீளாய்வு செய்வார்கள். கூடிய மிச்சத்தில் பாதியைத் தவணையில் சேர்ப்பது இந்த ஏற்பாடுகளின் வழமையான நிபந்தனை. 300ஆக இருந்த தவணை 400 ஆகும். அவள் சம்பளத்தில் ஒரு சதமும் எடுக்கப்படவில்லை. ஆனால் அவள் உழைப்பு கூடியதால் அவன் தோள் இலேசாகி, அந்த இலேசில் பாதி கடன் கொடுத்தவர்களுக்குப் போகிறது. இதை நேர்மையற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மேலதிக வேலைக்கு ஓடுகிற ஒரு பெண்ணுக்கு, 'உன் காசில் கை வைக்கமாட்டோம்' என்ற வாக்கு முழு ஆறுதலாக இராது என்பதும் தெரிகிறது.

அதனால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவள் முழுநேரம் போனால் சின்னப் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். அதற்கு மாதம் 300 போகிறதென்றால் பொதுச் செலவு 2,300 ஆகும், அவன் பங்கு 1,150, மிச்சம் 350. கூடியது 50 மட்டும், அதில் பாதி 25. தவணை 400 அல்ல, 325தான். கூடிய வருமானத்தைச் சொல்லிவிட்டு, கூடிய செலவைச் சொல்ல மறந்தால் மாதம் 75 பவுண் சும்மா போகும். பற்றுச்சீட்டுகளை வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான். நம் ஆட்கள் செலவைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். அங்குள்ள கடன் ஆலோசனை அமைப்புகள் 2017 முதல் பொதுவான ஒரு வரவு செலவுப் படிவத்தைப் பாவிக்கின்றன. சாப்பாடு, தொலைபேசியும் பொழுதுபோக்கும், தனிப்பட்ட செலவு என்ற மூன்றுக்கும் வழிகாட்டித் தொகைகள் வைத்திருக்கிறார்கள். அதற்குள் இருந்தால் கேள்வி இல்லை. தாண்டினால் காரணம் கேட்பார்கள். மிச்சத்தில் 10 சதவீதத்தை, ஆகக்கூடியது 20 பவுணை, சேமிப்பாக எழுதவும் அந்தப் படிவத்தில் இடம் உண்டு. கடனாளிக்கும் சலவை இயந்திரம் பழுதாகும் என்பதை ஒப்புக்கொண்ட படிவம் அது. எனக்கு அது பிடித்தது.

நகைக் கதைக்கு வருவோம். ஏற்பாட்டுக்குள் வருவது கடனாளியின் சொத்து. மனைவியின் நகை மனைவியுடையது. நம் மார்க்கத்திலும் மனைவியின் சம்பாத்தியமும் மஹரும் அவளுக்கே உரியவை என்பதால் இது நமக்குப் புதிதாகத் தோன்றக் கூடாது. ஆனால் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு எடுத்த கடன் இருந்தால் நிலைமை வேறு. கணவன் மட்டும் ஏற்பாட்டுக்குள் போனால், கடன் கொடுத்தவர் அந்தக் கூட்டுக் கடன் முழுவதற்கும் மனைவியைத் தேடி வரலாம். பாதிக்கு மட்டும் அல்ல. தம்பிக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. இருந்திருந்தால் ஊர்க்கதை பாதி உண்மையாகியிருக்கும்.

இதில் எனக்கு ஆச்சரியம் தந்த விடயம் வேறு. அதே நாட்டில் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிக்கு விண்ணப்பித்தால், சேர்ந்து வாழும் கணவன் மனைவி இருவரும் ஒன்றாகவே விண்ணப்பிக்க வேண்டும். இருவர் வருமானமும் ஒன்றாகவே கணக்கிடப்படும். கொடுக்கும்போது இருவரும் ஓராள். கடன் வசூலிக்கும்போது இரண்டு ஆள், ஆனால் அடுப்பு ஒன்று. நம்மிடமும் அடுப்பை வைத்துத்தான் குடும்பத்தை எண்ணுவோம். ஒரே வளவுக்குள் மூன்று உலை எரிந்தால் மூன்று குடும்பம்.

ஆனால் அடுப்பு எங்கே முடிகிறது? உம்மாவின் 100 பவுண் 40 ஆனது இந்தக் கேள்வியால்தான்.

தம்பி தன் செலவுப் பட்டியலில் 'உம்மாவுக்கு 100' என்று எழுதியிருக்கிறான். தொலைபேசியில் பேசிய உத்தியோகத்தர் கேட்டது ஒரே கேள்வி: "அவர் உங்களோடு வாழ்கிறாரா?" அவர் வாழ்வது என்னோடு, அம்பாறை மாவட்டத்தில், எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில். எங்கள் பகுதியில் மகளின் வீட்டில்தான் தாய் இருப்பார். வெளியே இருக்கும் மகன் அனுப்புவான். அது தர்மமல்ல, கடமை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டியபோது 385ஆம் பிரிவில் 'குடும்பம்' என்பதற்கு விளக்கம் கிடைத்தது: வங்குரோத்தானவரோடு வாழ்கின்ற, அவரில் தங்கியிருக்கின்ற ஆட்கள். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். அதே சட்டத்தின் 310ஆம் பிரிவு, வங்குரோத்தானவரிடமிருந்து வருமானத்தை எடுக்கும்போது அவருடையதும் அவர் குடும்பத்தினுடையதும் நியாயமான வீட்டுத் தேவைகளுக்கு வேண்டியதற்குக் கீழே குறைக்கக் கூடாது என்று நீதிமன்றத்தைத் தடுக்கிறது. நல்ல பிரிவு. உம்மா தம்பியில் தங்கியிருக்கிறார், அவனோடு வாழவில்லை. ஒரு சொல்லால் வெளியே நிற்கிறார்.

தம்பி போனது வங்குரோத்து அல்ல, உடன்படிக்கை. அதில் கடன் கொடுத்தவர்கள் சம்மதித்தால் எந்தச் செலவையும் சேர்க்கலாம். அதனால் உம்மாவின் கிளினிக் கொப்பியையும், மருந்துக்கடைப் பற்றுச்சீட்டுகளையும் நான் படம் பிடித்து அனுப்பினேன். நீண்ட இழுபறிக்குப் பின் 40 பவுண் அவனுடைய தனிச் செலவில் சேர்க்கப்பட்டது. மற்ற 60ஐ விட்டுவிடச் சொன்னார்கள். பெற்றோருக்கு அனுப்புகிற எவரும் முதல் நாளே இப்படி அத்தாட்சியோடு எழுத வேண்டும். 'ஊருக்கு அனுப்புவது' என்று மொட்டையாக எழுதினால் வெட்டப்படும். நோயும் மருந்தும் மாதத் தொகையும் காட்டினால் பேசலாம்.

மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடன் 50,000 பவுணுக்கு மேற்படாமல், மாத மிச்சம் 75 பவுணுக்கு மேற்படாமல், சொத்தும் மிகக் குறைவாக இருந்தால் கடன் நிவாரணக் கட்டளை ஒன்றைக் கேட்கலாம். ஒரு வருடம் கழிந்தால் அதில் சேர்த்த கடன்கள் தீர்ந்துவிடும். 2024 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணமும் இல்லை. அந்த 75ஐக் கணக்கிடும்போதும் வீட்டில் மற்றவர் எவ்வளவு தாங்குகிறார் என்று பார்ப்பார்கள். தம்பியின் மிச்சம் 300 என்பதால் அந்தக் கதவு மூடியிருந்தது. வங்குரோத்தாகியிருந்தால் வருமானத்திலிருந்து ஆகக்கூடியது மூன்று வருடத்துக்குத்தான் எடுத்திருப்பார்கள். அதை அவன் மரியாதைக் குறைவாக நினைத்தான். ஐந்து வருடத்தை மூன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்று அந்த நேரம் ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இதையெல்லாம் வாசிக்கும்போது நம் நாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏழு வருடத்துக்கு முன் கூடப் படிப்பிக்கும் ஒருவருக்கு நான் பிணை நின்றேன். அவர் கட்டவில்லை. என் சம்பளத்தில் வெட்டினார்கள். உன் வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு கடதாசியும் என்னைக் கேட்கவில்லை. 1853ஆம் ஆண்டின் வங்குரோத்துக் கட்டளைச் சட்டமும், 1941ஆம் ஆண்டின் கடன் இணக்கக் கட்டளைச் சட்டமும் நம்மிடம் இருக்கின்றன. பின்னது பெரும்பாலும் ஈடுவைத்த காணி பூமிக்கானது. நுண்கடன் குழுக்களிலோ, ஒருத்தி கட்டாவிட்டால் அடுத்த வீட்டுப் பெண்ணின் காசு போகிறது. அங்கே மனைவியின் காசை எண்ணுகிறார்கள் என்று அழுத நாம், இங்கே அயலவளின் காசை எடுப்பதைப் பழகிவிட்டோம்.

உம்மாவின் மீதி 60க்கு வருகிறேன். பெருநாள் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை தம்பியின் மனைவி என்னை அழைத்தாள். "மதினி, எனக்கு மிஞ்சிற 150ல நான் மாமிக்கு அனுப்பினா அதுல பிழை வருமா?" என்று கேட்டாள். கடதாசிகளின்படி அது அவளுடைய காசு. பொதுச் செலவில் அவள் பங்கு 800ஐக் கொடுத்த பிறகு அதை அவள் என்னவும் செய்யலாம். ஆனால் தம்பியின் காசை அவள் பெயரில் அனுப்பக் கூடாது. அது மறைப்பு, ஏற்பாடே முறியலாம். எதற்கும் ஏற்பாட்டை நடத்துகிறவருக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். தடை இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அடுத்த மாதம் முதல் வங்கியில் இரண்டு துண்டு. ஒன்று 40, ஒன்று 60. உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாவது துண்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "இது ஆர்ர பேரு புள்ள?" என்றார். சொன்னேன். சாச்சி வீட்டுக்குப் போகவேண்டும், குடையை எடு என்றார்.

இப்போது மருமகளுக்கு முழுநேர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற மாதம் வருடாந்த மீளாய்வு. பிள்ளை பராமரிப்புக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கி வைக்கும்படி தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். உம்மாவின் புதிய மருந்துச் சீட்டையும் அனுப்பிவிட்டேன்.